அக்காவுக்குச் செய்த பட்டறை

அன்று எங்கள் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள்: அப்பா. தேநீர் ஊற்றிக்கொண்டு அம்மா. வெற்றிலை வாயோடு மாமி, அப்பாவின் தமக்கை. மாமியின் மகன், வாசலில் குந்தியபடி, அவர்தான் மாப்பிள்ளை. சேலைத் திரைக்குப் பின்னால் அக்கா. யாரும் கூப்பிடாமலே நடுவில் நான்.

கடல் வந்த மறு வருடம் அது. சண்டையும் திரும்பத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடும் கொடுக்க வேண்டும். அக்காவுக்கென்று கட்டிய கல்வீட்டையும் அப்பாவின் கொல்லுப்பட்டறையையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோயிருந்தது.

"வீடில்லாம என்னெண்டு தம்பி கலியாணம்?" என்றார் மாமி.

"வீட்டுக்குப் பதிலாப் பட்டறை தாறன். உன்ட மகன் என்னட்டப் பழகின தொழில்தானே."

"பட்டறை எங்க இரிக்கு? அதையும் மீனெல்லோ திண்டுட்டு."

"செய்வன்," என்றார் அப்பா.

கடல் இழுத்ததெல்லாம் வாவிக்கரைச் சேற்றில் கிடந்தது. அப்பா கிண்டி எடுப்பார். நான் சாக்கில் சுமப்பேன். லொறியின் பிறேக் ட்ரம் உலையானது. உழவு மெசினின் பாரக்கட்டி, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையானது. அக்காவின் வீட்டுத் தூண் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறுத்துக் குறடு அடித்தார். இரும்பை நெருப்பில் பிடிக்கக் குறடு வேண்டும். குறடு செய்யவும் அதே நெருப்பு வேண்டும். முதல் குறட்டுக்குக் கம்பியைப் பச்சைத் தடியில் செருகிப் பிடித்தார். தடி புகைந்தது. கையும் வெந்தது.

சைக்கிளைக் கண்டது நான். கரையில் வளர்ந்த கண்ணாப் பற்றைக்குள் தலைகீழாகக் கிடந்தது.

"செயின் போட்டுத் தாறன், ஓடு," என்றார் அப்பா.

மண்ணும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்தேன். இரவில் அதன் பக்கத்திலேயே படுத்தேன்.

பிறகு துருத்தி செய்ய வேண்டி வந்தது. தோல் இல்லை. அப்பா என் சைக்கிளின் பின் சில்லைக் கழற்றிக் கட்டையில் பூட்டினார். டியூபை வெட்டிப் பட்டி போட்டார். எண்ணெய்த் தகரத்தில் விசிறி. சில்லைச் சுற்றினால் காற்று சீறியது. கரி சிவந்தது. என் முகமும்.

"அது என்ட சைக்கிள்."

"முன் சில்லு இரிக்குதானே."

"ஒரு சில்லில என்னெண்டு ஓடுற?"

"சர்க்கஸ்காரி ஓடுறாளே," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எல்லாம் அக்காவுக்கு. மீனில் நல்ல துண்டு அக்காவுக்கு. புதுச் சேலை அக்காவுக்கு. வெயிலில் போகாதே, தெருவுக்குப் போகாதே, பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று அவளைக் கொட்டிலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தண்ணீர் அள்ள நான். சிரட்டைக்கரி சுமக்க நான்.

அம்மா அப்பாவை அவசரப்படுத்துவார். "கெதியாச் செய்ங்க. பின் தெருவில நேத்தும் இயக்கத்துக்காரர் வந்து ரெண்டு பெட்டைகளக் கூட்டிப் போயிட்டாங்க. தாலி ஏறினா விட்டுடுவாங்களாம்."

அதை நானும் கேட்டேன். எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று தெரியாது. எங்கே என்றாலும் பெரிய பெட்டைகளைத்தான் கூட்டிப் போவார்கள், என்னைக் கூப்பிடமாட்டார்கள். அதற்கும் எரிச்சல் வந்தது.

திரைக்குள் போய் அக்காவிடம் சண்டை பிடித்தேன். "உனக்குத்தான் எல்லாம். எனக்கு ஒண்டுமில்ல."

அவள் மடியில் கணக்குப் புத்தகம் விரிந்திருந்தது. தலை நிமிரவில்லை.

"எடு கா, தங்கச்சி. சேலையையும் எடு. அவரையும் எடு. உன்ட சில்ல நீயே சுத்து."

பகிடி பண்ணுகிறாள் என்று இன்னும் கோபம் வந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் சாக்கின் மேல் பரப்பினார் அப்பா. மாமி பாக்குவெட்டியால் பட்டடையைத் தட்டினார். அது கணீரென்றது. "ஓம், போதும்," என்றார். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் தாலி கட்டினார்கள். மேளம் இல்லை.

மறுநாள் அக்கா தன் பள்ளிக்கூடச் சப்பாத்தை எனக்குத் தந்தாள். பெரிது. துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் பார்க்கும்படி முற்றத்தில் நடந்தேன். அவள் அழுதாள். சப்பாத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து ஓடிவிட்டேன்.

அக்காவுக்கு அப்போது வயது பதினாறு.