பெரியம்மாவுக்குப் பதிலாகப் பார்க்கப் போனவன்

மனிதர்கள் நேர்ந்துகொள்ளும்போது கொஞ்சம் யோசித்து நேர்ந்துகொள்ள வேண்டும். தாயம்மா யோசிக்கவில்லை. பாவம், அவள் எப்படி யோசிப்பாள்? ஒரே மகள் மலர்க்கொடி பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டு, பெற்றவளையே யாரென்று கேட்டுக்கொண்டு கிடந்தாள். அந்த நேரத்தில் மொட்டை போடுகிறேன், பொங்கல் வைக்கிறேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். தாயம்மா திருவொற்றியூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்து, "எம்பொண்ணு பொழைச்சா, உள்ள கீற உன்னை இந்தக் கண்ணால வந்து பாக்கறேன் சாமி" என்று அலறிவிட்டாள்.

மலர்க்கொடி பிழைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தாயம்மா துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவள், வீடு புளியந்தோப்பில். அவள் சாதிக்குக் கோயில் வாசற்படி ஏற அந்தக் காலத்தில் வழியில்லை. இந்த ஊர் அந்த ஊர் என்றில்லை, மாகாணம் முழுவதும் அதுதான் வழக்கம். தேரில் வருகிறவரை அவள் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஆனால் நேர்ந்துகொண்டது உள்ளே இருக்கிறவரிடம் அல்லவா?

அவள் தங்கை மகன் ஞானசிகாமணி. தாய் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. மிஷன் விடுதியார் எடுத்து வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, கல்லூரியில் சரித்திரம் படிக்கவைத்தார்கள். 1927-ஆம் வருஷம், அவனுக்கு இருபது வயதானபோது, வெள்ளைக்காரப் பேராசிரியர் துரை ஒரு வேலை கொடுத்தார்: திருவொற்றியூர் புராதன புண்ணிய ஸ்தலம், ஒருநாள் போய்ச் சுற்றிப் பார்த்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, கட்டுரை எழுதிவா. கையில் இங்கிலீஷ் கடிதமும் கொடுத்தார்.

இதைக் கேட்டதும் தாயம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, உன் கண்ணு வேற எங்கண்ணு வேறயா? எனக்குப் பதிலா நீ பாத்துட்டு வா. எப்டி கீறாருன்னு வந்து சொல்லு. அது போதும், நேந்துக்கினது தீந்துடும்."

"நான் வேதக்காரன் பெரியம்மா."

"கும்புடச் சொன்னனா? பாக்கத்தானே சொன்னேன்!"

பார்ப்பது பாவமல்ல என்று ஞானசிகாமணி இரண்டு நாள் தனக்குத் தானே வாதாடி ஜெயித்தான்.

கொருக்குப்பேட்டையில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கியதும், தாயம்மா பத்தடி பின்னாலேயே நடந்துவந்தாள். தேரடிக்கு அப்பால், மீன்காரிகள் கூடை இறக்கிவைத்து இளைப்பாறும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, போ என்று கையைக் காட்டினாள்.

கோயில் மணியக்காரர் சுப்பராயனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் கல்லூரி முத்திரையையும் துரையின் கையெழுத்தையும் மரியாதையுடன் பார்க்க வந்தது.

"தம்பி பேரு?"

"ஞானசிகாமணி."

"ஆகா! அசல் சைவப் பேரு. வாங்க தம்பி."

விடுதியார் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு இட்ட பெயர் அது. அதைச் சொல்ல ஞானசிகாமணி வாயைத் திறப்பதற்குள் சுப்பராயன் நாலடி முன்னால் போய்விட்டார். முப்பது வருஷமாகத் தேரைத் தூரத்தில் பார்த்தே ஏங்கியவள் மரத்தடியில் இருந்தாள். ஆசையே இல்லாதவனை ராஜமரியாதையுடன் உள்ளே அழைத்துப் போனார்கள். இந்த விநோதத்தை நான் யாரிடம் சொல்லி அழுவேன்!

மூன்று மணி நேரம் பிராகாரம் முழுவதும் சுற்றினான். விளக்கெரிக்க ஆடு விட்டவர்கள், நந்தவனத்துக்கு நிலம் விட்டவர்கள் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டான். உச்சிகால பூஜைக்கு மணியடித்ததும் சுப்பராயன் அவனைச் சன்னிதிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். ஞானசிகாமணி கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்காகக் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டான்.

உள்ளே இருட்டு. திரை விலகியது. கர்ப்பூரம் எழுந்தது. மணியும் மேளமும் ஒன்றாக முழங்கின. ஞானசிகாமணியின் உடம்பு சிலிர்த்தது. ஜன்னியில் புலம்பிய மலர்க்கொடியின் முகம் எங்கிருந்தோ வந்து நெஞ்சில் நின்றது. பதினைந்து வருஷ விடுதி வளர்ப்பு! மனம் உருகியதும் தலை தானே குனிந்தது, கைகள் தாமே கோத்துக்கொண்டன, கண்கள் இறுக மூடிக்கொண்டன. "ஆண்டவரே, மலர்க்கொடியைக் காப்பாற்றினீரே, ஸ்தோத்திரம்" என்று உதடு முணுமுணுத்தது.

கண்ணைத் திறந்தபோது திரை போட்டிருந்தார்கள்.

"இந்தக் காலத்துப் படிச்ச பிள்ளைகள்ல இப்படி ஒரு பக்தியை நான் பாத்ததில்லை தம்பி!" சுப்பராயன் கண் கலங்கியிருந்தார். கையில் விபூதியை வைத்து அழுத்தினார். "நடை சாத்தறோம். சாயந்திரம் நாலு மணிக்கு மறுபடியும் அவசியம் வரணும்."

மரத்தடியில் தாயம்மா எழுந்து நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்டி கீறாரு? சொல்லு, சொல்லு!"

ஞானசிகாமணி கையிலிருந்த கோட்டை மாட்டிக்கொண்டான். "பெரிய கண்ணு பெரியம்மா. நல்ல மீசை. சிரிச்ச முகம்."

தாயம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவி! லிங்கத்துக்கு ஏதுடா மீச? வருஷம் பூரா கவசம் போட்டுக்கினு கீறாரு, கார்த்திகையில மூணே நாளுதான் தொறக்கறாங்க. பூக்காரிங்க சொல்லி எனக்கே தெரியும். நீ எந்த நாடகக்காரனைப் பாத்துட்டு வந்தே?"

வெட்கத்தால் அவன் முகம் கறுத்தது. "கண்ணை மூடிட்டேன் பெரியம்மா. பழக்கம்."

"சாமி முன்னால போயி எவனாவது கண்ண மூடுவானா? பாக்கறதுக்குத்தானேடா போறது!"

"எங்க கோயில்ல மூடித்தான் ஜெபிப்போம்."

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, "துன்னு மொதல்ல. நாலு மணிக்குப் போயி ஒழுங்கா பாரு" என்றாள்.

பழைய சோறும் சுட்ட கருவாடும். ஒரே பாத்திரத்தில் இருவரும் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சுப்பராயன் அந்தப் பக்கமாக வந்தவர், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு அவர் வாசலுக்குக் குறுக்கே நின்றிருந்தார். குரலில் கோபமில்லை. உச்சிவேளையில் கண் கலங்கிய மனிதருக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

"தம்பி, அந்தக் கரிக்காரப் பொம்பளை உங்க வேலைக்காரிதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ள போகலாம்."

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தான். கரி படிந்த சேலையை இழுத்து மூடிக்கொண்டு, மரத்தடியிலிருந்து அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போக அவளை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"என் பெரியம்மா" என்றான்.

சுப்பராயன் கடிதத்தை நுனிவிரலால் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய், கிணற்றடியில் கையைக் கழுவினார்.

"இன்னா சொன்னான்?" என்றாள் தாயம்மா.

"நீ யாருன்னு கேட்டார். பெரியம்மான்னு சொன்னேன்."

"பொழைக்கத் தெரியாத புள்ள! வேலக்காரின்னு சொல்றது! ஊரு கரியெல்லாம் சொமக்கறவ வேலக்காரி இல்லாம ராணியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்துட்டு வந்திருப்பியேடா!"

"வாயில வரலை பெரியம்மா."

அவள் உதடு துடித்தது. அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் கோபுரத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"கேட்டுக்கினியா சாமி? நானும் வந்தேன், எம்புள்ளையும் வந்தான். இதுக்கு மேல உன் பாடு."

பாசஞ்சர் ரயில் அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். அவ்வளவு நேரமும் ஸ்டேஷன் பெஞ்சில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டிக்கொண்டே இருந்தாள்.