ஊருக்குச் சொந்தமான என் ஜப்பான்

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். உடையவன் ஒருவன், உரிமைக்காரர் ஊர்முழுதும். ஓடச் சொன்னால் ஓடும், ஓயச் சொன்னால் ஓயாது. அது என்ன?

கோயில் மாடு என்று சொன்னவர்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். ஆனால் மாடு வயது போனால் ஒரு நாள் படுத்துவிடும். விடை, எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிச் சந்தியில் நான் வாடகைக்கு ஓடிய பழைய ஜப்பான் கார். அதன் கம்பனிப் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. ஜப்பான் என்றால் அதுதான்.

வாடகைக் கார்க்காரர் எல்லோரும் கார் பழுதாகிறது என்றுதான் அழுவார்கள். நான் பழுதாகவில்லையே என்று அழுதவன். அந்த நாட்களில் புது வேன்கள் வந்து சந்தியில் வரிசையாக நிற்கத் தொடங்கியிருந்தன. கல்யாணம், கோயில், பள்ளிக்கூடச் சுற்றுலா எல்லாம் வேனுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியவை ஆஸ்பத்திரியும் செத்தவீடும். நானும் ஒரு வேன் எடுத்தால்தான் தொழிலில் நிற்கலாம். அதற்குக் காரைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் அது எனக்குக் கடைசிவரை தரவில்லை. பழைய ஜப்பான் காரிடம் அகப்பட்ட சகோதரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கதவைக் கேட்பவர்

இளைப்பாறிய நீர்ப்பாசன ஓவசியர் ஒருவர் அடிக்கடி இரணைமடுக் குளத்துக்குப் போவார். குளக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான் அவருடைய பயணம். சந்தியில் வேன்கள் வெறுமனே நின்றாலும் என் காருக்குத்தான் வருவார். மற்றவர்களின் கார்க் கதவை இழுத்து அடித்தால் தகரப் பீப்பா உருண்டதுபோல் சத்தம் வரும். சிலவேளை கைபிடி கையோடு வந்துவிடும். என் காரின் கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும். ‘டுக்’ என்று போய் அதன் இடத்தில் இருக்கும். நான் வாங்கிய நாளில் கேட்ட அதே ‘டுக்.’

ஓவசியர் ஏறுவார், கதவைச் சாத்துவார். திறப்பார், மறுபடியும் சாத்துவார். ஒரு நாள் பின்னால் பஸ் வந்து ஹோன் அடிக்கிறது; இவர் இன்னும் கதவோடு இருக்கிறார். “ஐயா, கதவு வடிவாய்ப் பூட்டுப்பட்டிட்டுது. போவமே?” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் சங்கீதக் கச்சேரியில் இருமியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “அது எனக்குத் தெரியும் தம்பி. நான் பூட்டேல்லை, கேக்கிறன்.”

சூட்டுக் காற்று

ஜப்பானில் பனி கொட்டுமாம். அதனால் அந்தக் காரில் சூட்டுக் காற்று வருவதற்கு ஒரு பிடி வைத்திருந்தார்கள். வன்னி வெயிலில் அதை எவன் தொடுவான்? துருப்பிடித்துச் சாகட்டும் என்று விட்டுவிட்டேன். அது சாகவில்லை.

ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்றில், புதுக்குடியிருப்பில் ரியூஷன் வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒருவரை மலேரியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். போர்வைக்குள் அவருடைய பல் கிடுகிடுத்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. இரக்கப்பட்டு அந்தப் பிடியை இழுத்துவிட்டேன். அன்று பிடித்தது சனி. வன்னியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மலேரியாவுக்குப் பஞ்சம் இல்லை. முள்ளிவாய்க்காலில் இருந்துகூட ஆள் அனுப்பி, சூட்டுக் காற்றுக் கார்தான் வேண்டும் என்று கேட்டார்கள். வழியில் கண்ணாடியை இறக்கவும் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் தொப்பலாக நனைந்து இறங்கினால், அங்கே வேலை செய்பவர் தள்ளுவண்டியை என் பக்கம்தான் கொண்டுவருவார்.

காய்ச்சல் மாறிய பிறகு சந்தியில் கண்ட மாஸ்டரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் வகுப்பில் பாடம் சொல்லும் குரலில் விளங்கப்படுத்தினார்: “ஜப்பான்காரன் முன்யோசனைக்காரன், அண்ணை. எங்கடை மலேரியாவை நினைச்சுத்தான் அதை வைச்சவன்.”

வேனில் போனால் குடும்பம் என்ன ஆவது

மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்து, தர்மபுரம் பக்கம் காடு வெட்டிக் கச்சான் கடலை பயிர் செய்தவர் முத்தையா. வருடம் தவறாமல் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு என் காரைத்தான் பிடிப்பார். அவர், அவருடைய மனைவி, அவர்களுடைய பிள்ளைகள், தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். பிறகு பொங்கல் பானை. பிறகு அரிசி, தேங்காய், விறகு. பின் சீற்றில் யார் யாருடைய மடியில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

கார் நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்துவிடும். அந்த றோட்டில் இருந்த ஒவ்வொரு குழியிலும் கிடங்கிலும், இன்றைக்காவது வில்லுத் தகடு முறியும் என்று நான் காத்திருப்பேன். முறிந்தால் எனக்கு அது நல்ல நாள். முறியாது. கோயில் வாசலில் எல்லோரும் இறங்கியதும், கார் தூங்கி எழுந்த நாய்போல் ஒருமுறை உதறிக்கொண்டு பழைய உயரத்துக்கு எழும்பி நிற்கும்.

“முத்தையா, அடுத்த வருசம் ஒரு வேன் பிடியுமன். எல்லாரும் வசதியாய் இருந்து வரலாம்,” என்றேன், நசுங்கிப்போன என் தோளைத் தடவிக்கொண்டு. அவர் பானையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: “வேன்ல ஏறுனா ஆளாளுக்கு ஒரு ஜன்னலைப் புடிச்சுக்குவாங்கங்க. இதுல வந்தாதான், ரெண்டு நாளா பேசாம இருந்த எங்க தம்பி பொண்டாட்டியும் எங்க வீட்டம்மாவும் சண்டை தீந்து எறங்குவாங்க.”

சுகமாயிருப்பவருக்கு மரண விசாரணை

காரைக் கொடுக்க வீட்டில் என் மனைவி யோகம் சம்மதிக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மெக்கானிக் சவுந்தரண்ணை சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைத்து அவருடைய கராஜுக்குப் போனேன். “அண்ணை, எஞ்சின் முடிஞ்சுது எண்டு யோகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர் எழும்பி வந்தார். பொனற்றைத் திறந்தார். ஸ்ராட் பண்ணச் சொன்னார். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை ஓடுகிற எஞ்சினுக்கு மேல் வைத்துவிட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். நானும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி நடுங்கியது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். அவருடைய கராஜில் அப்போது இரண்டு புது வேன்கள் சில்லுக் கழற்றியபடி நின்றன. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சுகமாயிருக்கிற மனிசருக்கு மரண விசாரணை வைக்கச் சொல்லுறியோ? பொனற்றைச் சாத்திக்கொண்டு ஓடடா!”

பின் சீற்று

யோகம் சம்மதிக்காததற்குக் காரணம் இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மழையில் அவளுக்குப் பிரசவ நோ கண்டது. ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தேன். அவளுடைய அக்கா கூட வந்தா. பரந்தனுக்கு இந்தப் பக்கம் றோட்டை மூடி வெள்ளம். கார் நீந்தாத குறையாகப் போனது, நிற்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு அவசரம். என் மகள் கலா அந்தப் பின் சீற்றில்தான் பிறந்தாள்.

அன்று முதல் அந்தச் சீற்று என் கையை விட்டுப் போயிற்று. உறையை மாற்றலாம், சீற்றை மாற்ற யோகம் விடமாட்டாள். கதை ஊரில் பரவியபின், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போகிற பெண்கள் எல்லோரும் ‘ராசியான சீற்று’ என்று என்னைத் தேடி வந்தார்கள். பின்னால் ஒருத்தி முனக, முன்னால் நான் வேர்க்க, இந்த முறையும் காரிலேயே பிறந்துவிடுமோ என்று நடுங்கி நடுங்கி ஓடியவன் நான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் யோகத்திடம் கத்தினேன். “இது கார், யோகம்! கார்! தகரம்!” அவள் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “சரி, தகரம்தான். பிள்ளை பிறந்த தகரத்தை வித்துப்போட்டு, நாளைக்கு அவள் எங்கையம்மா நான் பிறந்தனான் எண்டு கேட்டால் வவுனியாவிலை எண்டு சொல்லுறதோ?”

வாங்க வந்தவர்

வவுனியா என்று அவள் சொன்னதற்கும் காரணம் உண்டு. பழைய காரை எடுத்துக்கொண்டு வேன் கொடுக்கும் வியாபாரி ஒருவர் வவுனியாவில் இருந்தார். ஒரு வழியாக அவரை வரவழைத்தேன். வந்தவர் காரைச் சுற்றி நடந்தார். பேரம் பேசுகிறவர்கள் வழக்கமாகக் குறை சொல்வார்கள். அவர் குறை ஒன்றும் சொல்லாததால் எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு வந்து என்னோடு சண்டை பிடிக்கக்கூடாது அல்லவா? நானே சொல்லத் தொடங்கினேன். “சீற்று கொஞ்சம் பதிஞ்சு போச்சு, கண்டியளோ.” “பதிஞ்சாத்தான் முதுகுக்கு நல்லது,” என்றார். “பெயின்ற் மங்கிப்போச்சு.” “வெய்யிலுக்கு மங்கினது. உள்ளுக்குத் தகரம் இரும்புமாதிரி இருக்கு.” “வயது போட்டுது.” “எங்களுக்குப் போகேல்லையோ?”

பிறகு அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். அந்த முகத்தை நான் ஓவசியரிடம் கண்டிருக்கிறேன். இறங்கி வந்தவரின் குரல் தாழ்ந்திருந்தது. “வாற வெள்ளிக்கிழமை வேனோடை வாறன். இதை நான் விக்கமாட்டன், என்ரை வீட்டிலைதான் நிக்கும். வேறை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ.”

கட்டுவதற்கு ஆள் இல்லை

யோகம் கடைசியில் ஒரு வழி சொன்னாள்: பிள்ளையாரிடம் பூக்கட்டிக் கேட்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் சுற்றி, ஒரே மாதிரிக் கட்டிச் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டும். கட்டுகிறவர் சம்பந்தம் இல்லாத ஆளாய் இருக்க வேண்டும். எடுப்பது குழந்தையாய் இருக்க வேண்டும். வெள்ளை வந்தால் வேன், சிவப்பு வந்தால் ஜப்பான் என்று பேசிக்கொண்டோம். எடுப்பவள் கலா, அவளுக்கு ஆறு வயது. என்ன நிறத்துக்கு என்ன என்று அவளுக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வியாபாரி வேனோடு வந்தார். பிள்ளையார் கோயிலுக்கு வெளியே வேனும் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உள்ளே ஓவசியர், மாஸ்டர், சவுந்தரண்ணை, குடும்பத்தோடு முத்தையா. நான் ஒருவரையும் அழைக்கவில்லை. ஐயர் அலரிப் பூவை எடுத்துக் கட்டப்போனார். “நில்லுங்கோ,” என்றார் வியாபாரி. “ஐயர் பூசைக்கு எதிலை போறவர்?” ஐயர் பூவைக் கீழே வைத்தார்; ஒவ்வொரு செவ்வாயும் பரந்தன் கோயிலுக்கு அவரை ஏற்றுவது நான்தான். பூமாலை கட்டும் அம்மாவைக் கேட்டோம். அவாவின் மகளுக்கு அடுத்த மாதம் பேறு. ராசியான சீற்றுக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தா. தேர்முட்டியில் படுத்திருந்தவரை எழுப்பினோம். போன மாதம் மலேரியா. கோயிலில் நின்ற ஒருவர்கூடச் சம்பந்தம் இல்லாதவர் இல்லை. வியாபாரியே கட்டட்டும் என்றேன். “அவர்தான் எல்லாரையும்விடச் சம்பந்தப்பட்ட ஆள்!” என்று ஓவசியர் சத்தம் போட்டார். என் கார், என் தொழில், என் வேன். ஒரு பூவைச் சுற்றித்தர ஒரு ஊரில் ஒரு ஆள் இல்லை!

கடைசியில் நான் சந்திக்கு ஓடி, மன்னார் பஸ்ஸுக்காகக் காத்துநின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் எல்லோரையும் மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, நிதானமாகக் கட்டி, இரண்டு பொட்டலத்தையும் சாமிக்கு முன்னால் வைத்தார். பிறகுதான், எதற்கு இது என்று கேட்டார். சொன்னோம். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “அந்தக் காரோ?” என்றார். “அடடா. தெரிஞ்சிருந்தால் ரெண்டிலையும் சிவப்பை வைச்சிருப்பனே.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். வேன், வேன் என்று அத்தனை நாளும் தலையில் அடித்துக்கொண்ட நான், அந்த நேரம் பிள்ளையாரிடம் எந்த நிறத்தைக் கேட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கலா வெள்ளையை எடுத்தாள்.