அக்கரையிலேயே நின்றுபோன கார்பைன்

எமில் டோபாஷ் முப்பத்தொரு வருடம் நியூ ஜெர்சி மாநில அரசின் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்தவர். பிலிப்ஸ்பர்க் வட்டாரத்தில் அவர் கண்ணில் படாமல் எந்த லிஃப்டும் ஏறி இறங்கியது கிடையாது. கையில் ஒரு டார்ச், சட்டைப் பையில் சிவப்பு ஒட்டுத்தாள் கட்டு. கம்பி தேய்ந்திருந்தாலும் சிவப்புத்தாள்தான், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டாமல் பசையால் ஒட்டியிருந்தாலும் சிவப்புத்தாள்தான். ஒருமுறை கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஆர்மண்ட் ஃபுஸ்கோவின் மரச்சாமான் கடை லிஃப்டைப் பதினொரு நாள் பூட்டி வைத்தார். லிஃப்ட் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபுஸ்கோ கெஞ்சினார், பிறகு கத்தினார். எமில் குரலை உயர்த்தவே இல்லை. "ஓடுதுங்கறது வேற ஆர்மண்ட், ஓடலாம்ங்கறது வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபுஸ்கோ அந்த வாக்கியத்தை மறக்கவில்லை.

எமிலின் அண்ணன் கொர்னெல் ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஈஸ்டனில் இருந்தார். நடுவில் டெலவேர் ஆறு, அதன்மேல் ஒரு இரும்புப் பாலம். நடந்தால் ஏழு நிமிடம். பாலத்தின் பாதியில் நியூ ஜெர்சி முடிந்து பென்சில்வேனியா தொடங்கிவிடும். எமிலுக்கு அறுபத்தெட்டு வயதானபோது, ஒரு பிப்ரவரி மாதம், கொர்னெல் இதயம் நின்று இறந்துபோனார். உயிலில் தம்பிக்கு என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: அப்பாவின் கார்பைன் துப்பாக்கி எமிலுக்கு.

அப்பா இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் தொலைபேசிக் கம்பி இழுத்த பட்டாளத்துக்காரர். கம்பிச் சுருளைத் தோளில் சுமக்கிறவனுக்குப் பெரிய துப்பாக்கி தோதுப்படாது என்று இந்தச் சின்ன ரகத்தைக் கொடுத்திருந்தார்கள். சமையல்காரர், லாரி ஓட்டுநர், கம்பிக்காரர் எல்லோருக்கும் அதுதான். எடை இரண்டரைக் கிலோ சொச்சம். போர் முடிந்து பல வருடம் கழித்து ராணுவம் பழைய சரக்கைத் தள்ளிவிட்டபோது அப்பா அதே ரகத்தில் ஒன்று வாங்கினார். தபால்காரர்தான் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு குவாரிப் பக்கம் போய்த் தகர டப்பா சுடுவார். எமில் முதன்முதலாகச் சுட்டது அதில்தான்.

1990-ல் நியூ ஜெர்சியில் புதுச் சட்டம் வந்தது. தாக்குதல் துப்பாக்கிகள் என்று ஒரு நீளப் பட்டியல். அதில் எம்-ஒன் கார்பைன் பெயர் சொல்லியே இருந்தது. அப்பா அதை ஒரு கம்பளியில் சுற்றிக் கொர்னெலிடம் கொடுத்தார். நாலைந்து மாசத்தில் இவர்களுக்குப் புத்தி வந்துவிடும், அதுவரைக்கும் அக்கரையில் இருக்கட்டும் என்றார். அப்பா காலமாகியே இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாருக்கும் புத்தி வந்தபாடில்லை.

உயிலைப் படித்த அன்றே எமில் சட்டத்தை எடுத்து மறுபடி வரிவரியாகப் படித்தார். படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அவருடைய சொந்த அலமாரியில், துப்பாக்கி வைத்திருப்பதற்கான முறையான அடையாள அட்டையோடு, எம்-ஒன் கேரண்ட் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதே போர், அதே ராணுவம். நாலு கிலோவுக்கு மேல் எடை, கார்பைனைப்போல மூன்று மடங்கு பலத்தோடு அடிக்கும். அதற்குத் தடை இல்லை. யானையைத் தெருவில் விட்டுவிட்டுப் பூனைக்கு விலங்கு மாட்டிய கதை.

காவல் நிலையத்தில் முகப்பு மேஜையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கொண்டுவந்தால் குற்றம், கொண்டுவராமல் அக்கரையில் வைத்துக்கொண்டால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றார். பத்துக் குண்டுக்கு மேல் பிடிக்காத பெட்டியை மாட்டினால் ஆகாதா என்று எமில் கேட்டார். பெட்டியைப் பற்றிப் பேச்சில்லை, பெயரே பட்டியலில் இருக்கிறது என்று பதில் வந்தது. மாநிலத் தலைநகருக்குத் தொலைபேசி செய்தார். மூன்று பேர் கைமாறி, கடைசியில் பேசிய பெண், துப்பாக்கிக் குழாயை அடைத்துப் பற்றவைத்து இனி எந்தக் காலத்திலும் சுட முடியாதபடி ஆக்குவது பற்றி ஒரு வக்கீலைக் கேட்டுப் பாருங்களேன் என்று மரியாதையாக யோசனை சொன்னாள். எமில் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி லொரெய்ன் கேட்டாள். "என்னவாம்?"

"அப்பாவோட துப்பாக்கிய வெச்சுக்கலாமாம். வாயில சிமெண்ட்டு ஊத்திட்டு."

"சரி, விட்டுத் தொலையேன். இங்க இருக்கறத தொடச்சு வைக்கவே உனக்கு நேரமில்ல." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "அதுக்காக அக்கரைக்குக் குடி போலாம்னு மட்டும் ஆரம்பிச்சிடாத எமில். நான் இந்த வீட்ட விட்டு நகரமாட்டேன்."

அவர் அதைத்தான் ஆரம்பிக்க இருந்தார்.

ஊருக்குள் விஷயம் பரவியது. காலையில் அவர் காபி குடிக்கும் உணவகத்தில், முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்த ரொட்டியோடு ஃபுஸ்கோ எதிரே வந்து உட்கார்ந்தார். வயது எண்பதைத் தொட்டிருந்தாலும் பழைய கணக்கு மனதில் பசுமையாக இருந்தது. கார் டிக்கியில் போட்டு, மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, ஏழு நிமிடத்தில் கொண்டுவந்து விடலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். எமில் முடியாது என்றார்.

"ஏன் முடியாது? துப்பாக்கி நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது."

"ஓடுதுங்கறது வேற, ஓடலாம்ங்கறது வேற. அப்படித்தானே ஐயா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். தன்வினை தன்னைச் சுடும் என்பதை எமில் அன்றைக்குக் காபியோடு சேர்த்து விழுங்கினார். ஆனால் டிக்கி யோசனையை ஒரு கணம்கூட அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலிலும் எரிச்சல். அந்தச் சட்டம் முட்டாள்தனமானது என்று நூறு காரணம் சொல்வார், அதை மீறும் தைரியம் மட்டும் அவர் உடம்பில் எந்த மூலையிலும் இல்லை. மற்றவர்களின் சின்னச் சின்னத் தவறுகளுக்குச் சிவப்புத்தாள் ஒட்டிய கை அது.

அடுத்த வருடம் தலைநகர் ட்ரென்டனில் ஒரு சட்டமன்றக் குழு, பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பட்டியலிலிருந்து விடுவிப்பது பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் போவதாக எமில் கேள்விப்பட்டார். ஏழு பக்கம் தட்டச்சு செய்தார். கேரண்டின் எடை, கார்பைனின் எடை, குண்டின் வேகம், எல்லாம் பத்தி பத்தியாக. லொரெய்ன் அவருடைய நல்ல கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஏழு பக்கத்தை மூன்று நிமிடத்தில் எப்படி ஓட்டுவது என்று காத்திருக்கும்போது பென்சிலால் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவருக்கு முந்தி பேச எழுந்தவள் ஒரு அம்மா. நியூவர்க்கிலிருந்து வந்திருந்தாள். மகனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், பத்தொன்பது வயது. தாளில்லாமல் பேசினாள். எந்தத் துப்பாக்கி என்று அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் யாரும் அவளை நிறுத்தவில்லை.

பிறகு எமிலின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். குண்டின் வேகம் பற்றிய பக்கம் மேலே இருந்தது. அதை மடித்தார். "என் பெயர் எமில் டோபாஷ். எங்க அப்பா கம்பி இழுத்தவர். அவரோட துப்பாக்கி ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கு. நான் அத யார்மேலயும் நீட்டமாட்டேன். அவ்வளவுதான்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டார். பட்டியலைத் திருத்தும் அந்த யோசனை ஓட்டெடுப்புக்கே வராமல் தூங்கிப் போயிற்று.

திரும்பும் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் மகனுக்கும் தன் அப்பாவின் துப்பாக்கிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் வாய் எவனுக்கு இருக்கிறது? அவள்மேல் கோபப்பட முடியவில்லை, சட்டத்தின்மேல் கோபம் குறையவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையில் மெதுவாகப் போன ஒரு பால் வண்டிக்காரனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினார்.

இதற்கிடையில் கார்பைன் கொர்னெலின் வீட்டுக் கூடத்து அலமாரியில் மழைக்கோட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. அண்ணி பெர்னடெட்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுபத்தொரு வயது, நாற்பது வருடம் ஒரு பேக்கரியில் கல்யாணக் கேக்குகளுக்குச் சர்க்கரைப் பூ போட்டவள். எமில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாலத்தைத் தாண்டி வந்து, அவளுடைய சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மறுபடி அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆஸ்பத்திரியில கெடக்கற சொந்தக்காரன பாக்க வர்ற மாதிரி வர்ற. வீடு பூரா எண்ணெ நாத்தம். அது என்னதான் செய்யும், அதயாவது காட்டு. இல்லன்னா எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போகத்தான் முடியாதே. அதனால் காட்டினார். வடக்கே மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே கூட்டிப்போய், காதுக்கு மூடி மாட்டி, எப்படிப் பிடிப்பது, எப்படி மூச்சை விடுவது என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார். பெர்னடெட் பாதிக்கு மேல் கேட்கவில்லை. ஐந்து குண்டு சுட்டாள். நூறு கஜத்தில் இருந்த தாளை இழுத்துப் பார்த்தார்கள். ஐந்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கியிருந்தன. அதே தாளில் முதலில் சுட்ட எமிலின் ஐந்தும் தாளெங்கும் வெவ்வேறு ஊரில் குடியிருந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள் பெர்னடெட். "கேக்கு மேல பேரு எழுதறது இதவிடக் கஷ்டம்."

அதன்பிறகு அவளே தொலைபேசி செய்து சனிக்கிழமை வருகிறாயா என்று கேட்கத் தொடங்கினாள். கோடை முடிவதற்குள் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டாள். இலையுதிர் காலத்தில் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் கார்பைனோடு நிற்கும் படம் வந்தது. ஃபுஸ்கோ அதைக் கத்தரித்து உணவகத்தின் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். எமில் அன்றிலிருந்து வேறு மேஜையில், கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

போட்டிகளுக்குத் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருப்பவரே கொண்டுவந்தால் கேள்வி குறைவு என்று சங்கத்தில் சொன்னார்கள். உயில் விவகாரம் இன்னும் முடியாமல்தான் கிடந்தது. ஈஸ்டன் வக்கீல் சுலபமான வழி ஒன்று சொன்னார். எமில் தனக்கு எழுதியதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது தானாகவே கொர்னெலின் மனைவியைச் சேரும். ஒரே ஒரு தாள். எமில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல 'விருப்பமில்லை'ன்னு போட்டிருக்கு. எனக்கு விருப்பமில்லைன்னு யார் சொன்னா?"

வக்கீல், அது சட்ட வாசகம், அப்படித்தான் இருக்கும் என்றார். 'முடியவில்லை' என்று மாற்ற முடியுமா என்று எமில் கேட்டார். முடியாது, படிவம் அதுதான். எமில் பேனாவைத் திறந்து மூடித் திறந்தார். படிவத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று எத்தனை பேரிடம் சொன்னவர். பெர்னடெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவர் முழங்கையைத் தொட்டாள். "இப்பவே போடணும்னு இல்ல. இன்னொரு நாள் வரலாம்." அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் இரண்டு தெரு தள்ளி ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.

போன ஜூன் மாதம் வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு போட்டி. பெர்னடெட் நீண்ட தூரம் ஓட்டமாட்டாள், அதனால் எமில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தை நடந்து கடந்து போய் அவளுடைய காரை எடுத்தார். நேர்வழி நியூ ஜெர்சி வழியாகத்தான். குண்டில்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்துக் கடந்து போகலாம் என்று மத்திய அரசின் சட்டம் சொல்வதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் வரைபடத்தில் தன் சொந்த மாநிலத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தார். பென்சில்வேனியாவுக்குள்ளேயே மேலே ஏறி, அப்புறம் நியூயார்க் மாநிலத்தின் மலைப்பக்கமாகச் சுற்றி வளைத்துப் போவது. ஒன்றரை மணி நேரம் கூடுதல். அந்த மாநிலத்தின் சட்டத்தையும் அச்சடித்துக் காரில் வைத்திருந்தார்.

பென்சில்வேனியாவின் வடக்கில் ஸ்க்ராண்டன் நகரைத் தாண்டியதும் பெர்னடெட்டுக்கு விஷயம் புரிந்தது. "எமில், நீ குடியிருக்கற ஊரையே சுத்திக்கிட்டுப் போற. இது உனக்கே பைத்தியக்காரத்தனமா தெரியலயா?"

"தெரியுது" என்றார் எமில். "அத நான் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

போட்டியில் அவள் நாலாவதாக வந்தாள். காற்று சரியில்லை என்று திரும்பும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். எமில் அதே கோட்டில், அதே சுற்றுவழியில் காரை ஓட்டினார்.