சிவப்பன் குனிந்த வேளை

மாகெரிட்டாவின் போனுக்கு ஊரே சொந்தம். அவள் ஒரு நாளும் அதைக் காதில் வைத்துப் பேசியதில்லை. கடைப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, எட்ட நின்று கத்துவாள். ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கப் போன மகன் ஃபலானிகோ, கால் ஆணி வலிக்கிறதென்று அங்கிருந்து சொன்னால், இங்கே பாதிரியார் வீட்டம்மா எண்ணெய்ச் சீசாவோடு கடைக்கு வந்து நிற்பாள். அப்படி ஒரு போன் அது.

"காதுல வெச்சு மெதுவாப் பேசேன்டி," என்பான் புருஷன் எனெலிகோ.

"மெதுவாப் பேச நான் என்ன திருடவா போறேன்?"

அணைத்து வைக்கவும் மாட்டாள். சாப்பிடும்போது வாசலோடு போகிறவனைக் கண்டால் "வா, ஒரு வாய் சாப்பிடு" என்று கூப்பிடுகிற ஊர். அந்த ஊரில் பிறந்தவள், கூப்பிடுகிறவன் முகத்தில் கதவைச் சாத்துவாளா? அவள் கணக்கில் போனை அணைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

இப்படி இருக்கையில் தலைநகர் ஆப்பியாவிலிருந்து செத்தெஃபானோ வந்தான். போன் கம்பெனிக்காரன், பளபளவென்று சப்பாத்து. வருஷம் முழுக்கப் பேச்சு இலவசம் என்றான். அதற்கு அவள் செய்ய வேண்டியது, கம்பெனியின் காற்று பொம்மையைக் கடை வாசலில் நிறுத்துவதும், கம்பெனி பாட்டைப் போனில் மணியாக வைப்பதும்தான். பொம்மை என்றால் சும்மா பொம்மை இல்லை. ஈரப்பலா மரத்து உயரம், சிவப்பு நிறம், காலடியில் ஒரு மின்விசிறி. விசிறி ஊத ஊத இரண்டு கையையும் வீசி ஆடும். ஊர் அதற்குச் சிவப்பன் என்று பேர் வைத்தது. பாட்டு என்றால், முதலில் சேவல் கூவும், அப்புறம் மத்தளம், அப்புறம் ஒரு பெண் "எடு, எடு, எடுத்துப் பாரு, அதிர்ஷ்டம் வந்து வாசல்ல பாரு" என்று கழுத்தை நெரித்த மாதிரி பாடுவாள்.

ஊர்ப் பெரியவர் துயிலோமாவுக்குச் சிவப்பனைக் கண்டாலே ஆகாது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே போகிறவர்கள் முதுகை வளைத்து, "துலோ, துலோ", அதாவது மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. "நான் உட்கார்ந்திருக்கேன், இவன் நெட்டுக்குத்தா நின்னுக்கிட்டு எனக்கே கையை ஆட்டுறான்," என்பார்.

ஆனால் வம்பு சிவப்பனால் வரவில்லை, பாட்டால் வந்தது. பொழுது சாய்ந்ததும் அந்த ஊரில் சங்கு ஊதுவார்கள். உடனே எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்ய வேண்டும். மறுசங்கு ஊதும்வரை ரோட்டில் ஈ காக்கை நடக்கக் கூடாது. இளவட்டங்கள் லாவாலாவா வேட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு ரோட்டில் காவல் நிற்பார்கள். ஊரே வீட்டில் அடைந்து கிடக்கிற நேரம் இது என்று கம்பெனி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. சரியாக அந்த வேளை பார்த்து, பரிசு வேணுமா பணம் வேணுமா என்று கேட்கப் பதிவு செய்த குரலில் போன் அடித்தது.

முதல் தரம் ஜெபத்தில் சேவல் கூவியபோது மாகெரிட்டாவுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம். மறு தரமும் அதே. மூன்றாவதற்குத் துயிலோமா ஆள் அனுப்பவில்லை. தானே வந்து, கடை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"இன்னொரு தடவை அடிச்சா, லெய்சி."

லெய்சி அவளுடைய பெண்பன்றி. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. தேங்காய்த் துருவலை அவள் கையால் ஊட்டினால்தான் தின்னும். அது ஊர்க்கூட்டத்தின் கல்லடுப்பில் வேகிறதை மாகெரிட்டாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் போனை அணைக்கவில்லை. பிடிவாதம் என்றால் அது பிடிவாதம்.

அன்று சாயங்காலம் போனை அரிசி மூட்டைக்குள் புதைத்தாள். மூட்டைமேல் தலையணை வைத்தாள். தலையணைமேல் எனெலிகோவை வைத்தாள்.

"நான் என்ன அம்மிக்கல்லா?" என்றான் அவன்.

"அம்மிக்கல்லு இவ்வளவு பேசாது. உட்காருங்க."

சங்கு ஊதியது. கெட்ட நேரம் பாருங்கள், துயிலோமா அப்போதுதான் கடைக்கு நேராக ரோட்டில் நடந்து வந்தார். காவலுக்கு நின்றவன் மாகெரிட்டாவின் அண்ணன் மகன், மீசைக்காரன் இயாக்கோபோ. குறுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"ஐயா மன்னிக்கணும். நீங்களே ஆனாலும் நடக்கக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தான்."

வேறு வழியில்லாமல் பெரியவர் மாகெரிட்டா வீட்டுக்குள் ஏறி, தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். ஜெபப் பாட்டுத் தொடங்கியது. ஒரு அடி முடியவில்லை, எனெலிகோவுக்கு அடியில் சேவல் கூவிற்று.

மாகெரிட்டா குரலை உயர்த்தினாள். அவள் குரல்தான் ஏற்கெனவே கடலைத் தாண்டுகிற குரலாச்சே. பாடத் தெரியாத எனெலிகோவும் முட்டையிடுகிற கோழி மாதிரி முகம் சிவக்கப் பாடினான். அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அதிசயம் என்னவென்றால், பெரியவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவர்களுக்கு மேலே பாடினார். இவர் ஏன் நமக்கு ஒத்தாசை பண்ணுகிறார் என்று மாகெரிட்டாவுக்கு விளங்கவில்லை.

எவ்வளவுதான் தம் பிடிக்க முடியும்? மூவருக்கும் ஒன்றாக மூச்சு முட்டியது. அரிசி மூட்டை எப்போதோ ஓய்ந்திருந்தது. ஆனால் "எடு, எடு, எடுத்துப் பாரு" மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியவரின் இடுப்பிலிருந்து.

அது ஓய்ந்ததும் பாதிரியார் வீட்டில் ஒரு சேவல். ரோட்டில் இயாக்கோபோவின் லாவாலாவா முடிச்சுக்குள் ஒரு சேவல். மாகெரிட்டா போனில் நாள் முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, வீட்டுக்கு வீடு கமுக்கமாகச் செத்தெஃபானோவிடம் இலவசம் வாங்கியிருந்தார்கள். ஜெபத்தில் சிரிக்கக் கூடாது. யாரும் சிரிக்கவில்லை. அந்த வேதனையை என்னவென்று சொல்ல.

மறுசங்கு ஊதியது.

"ஐயா, லெய்சியை இழுத்துக்கிட்டு வரவா?" என்றாள் மாகெரிட்டா, தரையைப் பார்த்தபடி.

"எதுக்கு?"

"என் அரிசி பாடிச்சே."

துயிலோமா தொண்டையைச் செருமினார். "அரிசி எங்கயாச்சும் பாடுமா? பாடினது கம்பெனி."

"அப்ப உங்க இடுப்பு?"

"அதுவும் கம்பெனிதான்," என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

சிவப்பன் குனிந்திருந்தான். சங்கு ஊதியதும் வீட்டுக்கு வீடு விளக்குப் போடுவார்கள், கரண்ட் குறையும், விசிறி இளைக்கும். தினமும் நடக்கிறதுதான். எல்லோரும் உள்ளே இருந்ததால், காவலுக்கு நிற்கிறவர்களும் ரோட்டையே பார்த்ததால், ஒருத்தரும் கவனித்ததில்லை. தலை ரோட்டில் தொட, இரண்டு கையும் தொங்க, அவன் பாட்டுக்கு வளைந்து கிடந்தான்.

"இன்னிக்கு இந்த ஊர்ல ஒழுங்கா இருந்தவன் இவன் ஒருத்தன்தான்," என்றார் பெரியவர். "இவனை விட்டுடுங்க. இவனை அனுப்பினவனைக் கூப்பிடுங்க."

கம்பெனிக்கு ஒரு பன்றி அபராதம் என்று ஊர்க்கூட்டம் முடிவு பண்ணியது. செத்தெஃபானோ காசாகத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான். "காசை அடுப்புல வெச்சா வாசம் வருமா?" என்று கேட்டார்கள். கடைசியில் லாரியில் ஒரு ஆண்பன்றி வந்திறங்கியது. கம்பெனி விளம்பரத்தை விட மனசில்லாமல் அதற்குச் சிவப்புச் சட்டை வேறு மாட்டியிருந்தான்.

கல் சூடேறுவதற்குள் அது நேராக நடந்து போய் லெய்சி பக்கத்தில் படுத்துக்கொண்டது. லெய்சி அதன் சட்டையைத் தின்னத் தொடங்கியது.

மாகெரிட்டா நடுவில் வந்து நின்றாள். "சம்பந்தம் ஆயிடுச்சு. மாப்பிள்ளையை யாராச்சும் சுடுவாங்களா?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் அபராதமாகக் கட்டிய டின் மீனைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போதும் அவள் போனை அணைப்பதில்லை. சங்கு ஊதினதும் கொண்டுபோய்ச் சிவப்பன் காலடியில் வைத்துவிட்டு வருவாள். பக்கத்தில் பெரியவர் போன், பாதிரியார் போன், இயாக்கோபோ போன். எது அடித்தாலும் பொறுப்பு சிவப்பனுக்கு. உள்ளே பாட்டு நடக்கும். வெளியே சேவல் கூவும். அவன் மட்டும் குனிந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.