மூக்கருகே ஒரு கை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் கடைசி மகள் விட்டுப்போன பெண். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் போய்விட்டான். ஏழாவது படிக்கிறாள். சேலையூரில் என்னோடு இருக்கிறாள். யாரிடமும் கை நீட்டாமல் ஐந்து பேரை ஆளாக்கியவள் நான். ஏரி நிரம்பி வாசலுக்குத் தண்ணீர் வந்தபோதுகூடப் பயந்ததில்லை. இந்த ஒருத்தி என்னை நடுங்க வைத்தாள்.

அந்தக் கடைசி மகள் ஒரு மத்தியானம் தலைவலி என்று படுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், அம்மா தூங்குகிறாள் என்று டிவியைக்கூடப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

காரியம் முடிந்து என்னிடம் வந்தாள். அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். தேறிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். மூக்கருகே ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. விழித்தால் அவள் கை. மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள்.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் இல்ல ஆயா. நீ தூங்கு."

மறுநாள் வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். அடுத்த நாள் கால்வலி. நான் பகலில் படுப்பதையே விட்டேன். உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தால் அதற்கும் ஓடிவந்தாள். நிஜமாகவே ஒருநாள் இவள் கையில் என் மூச்சு படாமல் போனால்? எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய்வரை வரும். அவள் அம்மாவும் வெறும் தலைவலி என்றுதான் படுத்தாள்.

ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தலை நிமிராமல் கேட்டாள்.

"ஆயா, நீயும் செத்துட்டா நான் யாரு வூட்ல இருப்பேன்?"

கீரையைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் அவள் காவல் காத்தது இதற்குத்தான். காரியத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. நானும்தான்.

"சாவாம யாரும் இருக்க முடியாது கண்ணு. எப்பன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ யாரு வூட்லன்னு இப்பவே கேட்டுடலாம்."

பொழிச்சலூரில் இருக்கும் என் மூத்த மகளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். அவள் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும் இரைச்சல்தான் வந்தது. பெண் என் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். மூத்தவள் வீடும் சின்ன வீடுதான், முடியாது என்றுவிட்டால்? இரைச்சல் அடங்கியது.

"இன்னாம்மா, இது ஒரு கேள்வியா? குட்டி, கேட்டுகினு இருக்கியா? நம்ம வூட்லதான் இருப்ப. ஜன்னலாண்ட கீற கட்டில் உனக்குத்தான். ஆனா உங்க ஆயா என்னைப் பேஜார் பண்ணாம அவ்ளோ சீக்கிரம் போவாது. நீ ஒழுங்கா ஸ்கூலுக்குப் போ!"

பெண் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அம்மா போனதிலிருந்து அதுதான் முதல் அழுகை. அதற்கும் பயந்தேன், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவு நாளில் மத்தியானம் அந்தக் கை இன்னும் வருகிறது. நான் கண்ணைத் திறப்பதில்லை. அவளுக்குக் கேட்கும்படி மூச்சு விடுகிறேன். பயம் எனக்கும் போகவில்லை.

இதையெல்லாம் எழுத்துக் கூட்டி எழுதி முடித்து அவளிடம்தான் கொடுத்தேன்.

"கண்ணு, உங்க பெரியம்மா சொன்ன எடத்தை நல்லா சத்தமா படிச்சுக் காட்டு."