பதிவேட்டுக்கு நான் கொடுத்த சொல்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சமயநல்லூர் சாலையில் இருக்கிறது. இருபத்துநான்கு வீடுகள். கட்டிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் சோழவந்தான் பக்கத்து ஊர்க்காரர். மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். அந்த அம்மா இங்கேயே மூன்று வீடுகளில் சமையல் செய்தார். இவர் தண்ணீர் ஏற்றுவார், சிலிண்டர் வாங்கி வைப்பார், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பார். ஊருக்குப் போகிறவர்கள் சாவியை அவரிடம்தான் கொடுப்பார்கள். எல்லாருக்கும் அவர் அண்ணே. அவரைவிடப் பத்து வயது மூத்த எனக்கும் அண்ணேதான்.

புதிதாக வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எல்லாமே விதிப்படி இருக்க வேண்டும். ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"டீச்சர், பதிவேட்டுல வாட்ச்மேன்னு எழுத வேணாம்னு பாக்குறேன். நல்ல தமிழ் வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க. அர்த்தத்தையும் சேத்து எழுதிக் குடுத்துருங்க."

ஓய்வுபெற்ற தமிழாசிரியையிடம் இப்படிக் கேட்டால் தலைகால் புரியுமா? இரண்டு நாள் அகராதிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வாயிலோன் என்ற பழைய சொல் அழகாக இருந்தது, ஆனால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். காப்பாளர் என்றால் மாணவர் விடுதி நினைவுக்கு வரும். கா என்றால் காத்தல், அதிலிருந்து காவல். அரசனையே காவலன் என்று அழைத்த மொழி இது. கடைசியில் காவலாளி என்று முடிவு செய்தேன்.

எதற்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கீழே போனேன். "அண்ணே, என்ன வேலைன்னு யாராவது கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"அப்பார்ட்மென்ட்ல இருக்கேன்னு சொல்வேன் டீச்சர். வேற என்னத்தச் சொல்ல?"

இதெல்லாம் ஒரு வேலையின் பெயரா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு மேலே வந்தேன். தாளில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'காவலாளி: குறித்த நேரம் வாயிலில் நின்று காவல் காப்பவர்.' 'குறித்த நேரம்' என்பது விளக்கம் கச்சிதமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் பதிவேட்டில் எழுதிய புதிய விதிகளை வரிசையாக வாசித்தார். என் சொல் வந்த இடத்தில் மட்டும் காது கொடுத்தேன். கை தட்டினார்கள். மற்றவர்களோடு நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். "ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாக டீச்சர். காவலாளின்னா நேரத்துக்கு வந்துட்டு நேரத்துக்குப் போறவராம், குடியிருக்கத் தேவையில்லையாம். நீங்க எழுதுன தாளக் காட்டுனாக."

செயலாளரிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை, என் தாளையே எடுத்து மேசைமேல் வைத்தார். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சே டீச்சர்." அந்த அறை கூரியர் பார்சல் வைக்க வேண்டுமாம். வெளியே வாடகை கொடுத்து இங்கே வேலை பார்க்க அண்ணனுக்கும் அந்த அம்மாவுக்கும் கட்டுப்படியாகவில்லை. அந்த வாரமே இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது என் வீட்டுச் சாவியை ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது ஒரு நிறுவனத்திலிருந்து சீருடையில் இருவர் முறை வைத்து வருகிறார்கள். போன மாதம் ஒரு காலை மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. வாசலில் இருந்தவரிடம் கொஞ்சம் பார்க்கச் சொன்னேன்.

"அது எங்க வேலை இல்ல மேடம். நாங்க கேட்டுக்குக் காவல் மட்டுந்தான்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த பொருள் அதுதான்.

வேறு வழியில்லாமல் ஊருக்குப் போன அண்ணனுக்கே போன் போட்டேன். "காத்துப் புடிச்சிருக்கும் டீச்சர். ஆஃப் பண்ணிட்டு, பம்பு மேல இருக்க மூடியத் திறந்து ரெண்டு செம்பு தண்ணி ஊத்துங்க" என்றார். அறுபத்துமூன்று வயதில் மோட்டார் அறைக்குள் குனிந்து ஊற்றினேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

"ஏறுதா டீச்சர்?"

"ஏறுதுண்ணே."

"அப்பச் சரி. ஏதாச்சும்னா கூப்புடுங்க, இருக்கேன்" என்றார்.