பதில் கேட்டவர்

கல்பாத்தித் தெருக்களின் பின்சந்துகளைப் படமெடுக்கப் போயிருந்தேன். வாய்க்கால் வறண்டு கிடந்தது. அதில் இறங்கி, தெருவுக்கு அடியில் அது நுழைகிற இருண்ட பாலத்தைக் காமிராவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆருங்க உள்ள? தண்ணி வருது."

குரல் மேலிருந்து வந்தது. அசைந்தால் படம் கெட்டுவிடுமென்று நான் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் அவரே இறங்கி வந்தார். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிறவர், எலப்புள்ளி ஊர்க்காரர். காக்கிச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, கூப்புட்டா பதில் சொல்லோணுமுங்க."

என்னைக் கரையேற்றிவிட்டுப் பாலத்தின் வாயில் குனிந்தார். மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் காதில் கையை வைத்துக் காத்திருந்தார். அதை மேலிருந்து படமெடுத்தேன். பிறகு டார்ச்சோடு உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார்.

"யாரும் பதில் சொல்லலியே, அப்புறம் எதுக்கு உள்ள போனீங்க?"

"அன்னிக்கும் ஆரும் சொல்லலீங்க. தொறந்துட்டேன்." வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "உள்ளார ஒருத்தன் தூங்கிட்டு இருந்திருக்கானுங்க."

பிறகு போய் மதகின் சக்கரத்தைத் திருகினார். சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.

காதில் கை வைத்து அவர் குனிந்திருக்கும் அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தனியாக அதைக் கடக்கும்போதெல்லாம், "உள்ளே யாருமில்லைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.